வலது தோளுக்கு மேலால் பாருங்கள்

விபத்தில் விழுந்து என்னிடம் இயன்மருத்துவத்துக்கு (பிசியோதெரபி) வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது, "எப்ப திரும்பச் சைக்கிள் ஓடலாம்?" என்றுதான். அவசரம் புரிகிறது. திருகோணமலையில் வேலைக்கும் சந்தைக்கும் பிள்ளையை ரியூஷனுக்கு ஏற்றிப் போகவும் பல வீடுகளில் இருப்பது அந்த ஒரு சைக்கிள்தான்.

வளர்ந்தவர்களுக்குக் காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள் வரை போகிற எலும்பு) முறிந்தால் பொதுவாக 6 முதல் 12 கிழமைக்குள் பொருந்திவிடும். எக்ஸ்ரே பார்த்து டொக்டர் சரி என்றதும் அடுத்த நாளே சைக்கிளை எடுக்கிறார்கள். நான் மறிப்பது அந்த இடத்தில்தான்.

உப்புவெளியிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு ஓடி வருகிற, ஐம்பது தாண்டிய ஒருவர். ஒழுங்கையால் வந்த மோட்டார் சைக்கிள் தட்டி விழுத்தியது. மூன்று மாதத்தில் கை தலைக்கு மேல் உயர்ந்தது, பிடியும் பழையபடி வந்தது. கதிரையில் இருத்தி, "ஐயா, வலது தோளுக்கு மேலால் பின்னுக்கிருக்கிற மணிக்கூட்டைப் பாருங்கோ" என்றேன். தலை பாதியில் நின்றது. மிச்சத்துக்கு இடுப்பையும் சேர்த்துத் திருப்பினார். சைக்கிளில் இப்படித் திரும்பினால் வலது கை ஹாண்டிலை இழுக்கும், சைக்கிள் நடு வீதிக்குப் போய்விடும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். நிற்கிற ஓட்டோவைக் கடக்கவும் சந்தியில் வலப்பக்கம் திரும்பவும் அந்தத் தோளுக்கு மேலால்தான் பார்க்க வேண்டும்.

கழுத்துப் பயிற்சி கொடுத்தேன். அப்புறம் மைதானத்தில் ஒரு கோடு கீறி, அதன்மேல் ஓடிக்கொண்டே பின்னால் நிற்கும் மகன் எத்தனை விரல் காட்டுகிறான் என்று சொல்லச் சொன்னேன். கோடு விலகாமல் பத்துத் தடவை சரியாகச் சொன்ன பிறகுதான் வீதி.

தலையில் அடிபட்டு, தலையிடியோ தலைச்சுற்றோ இன்னும் இருந்தால் ஓடவே வேண்டாம். அடி வாங்கிய ஹெல்மெட்டில் வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உள்ளேயுள்ள நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. சைக்கிளின் முன் கவையையும் (போர்க்) சட்டத்தையும் (பிரேம்) கடையில் காட்டுங்கள்.

பயத்தைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள், ஆண்கள் கூடுதலாக. பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே ஹாண்டிலை இறுக்குகிறார்கள். இறுக்கினால் சைக்கிள் நேரே போகாது. விழுந்த இடத்தை ஒரு ஞாயிறு விடியக்காலையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்து கடந்து பாருங்கள். பிறகு ஏறி ஓடலாம். ஒரு மாதம் தாண்டியும் விபத்து கனவில் வந்தால், அந்தச் சந்திக்குப் பயந்து சுற்றுப்பாதையால் போனால், தயவுசெய்து மனநல மருத்துவரிடம் பேசுங்கள். அதுவும் காயம்தான்.

நிறுத்திய வாகனத்திலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி ஓடுங்கள், கதவு எந்நேரமும் திறக்கலாம். பஸ் தரிப்பிடத்துக்கு ஒதுங்கினால் இடப்பக்கத்தால் நுழையாமல் பின்னால் நில்லுங்கள். டைனமோ லைட் சைக்கிள் நின்றால் அணைந்துவிடும். ஆகவே பின்னுக்கு பற்றரியில் எரியும் சிவப்பு லைட் ஒன்று பூட்டுங்கள். திருகோணமலைக் கோட்டைப் பக்கம் இரவில் மான்கள் குறுக்கே வரும். மாரியில் றிம் நனைந்தால் பிரேக் பிடிக்கச் சுணங்கும்.

அந்த ஐயா இப்போது கிழமையில் மூன்று நாள் ஓடுகிறார். கழுத்து இறுகியிருக்கிற காலையில் பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தேன். போன செவ்வாய் பஸ்ஸில்தான் வந்திருந்தார்.