இரண்டு வெள்ளிக் கூடை எப்படிக் கட்டுப்படியாகிறது?

ஜப்பானிய மலிவு விலைக் கடையான டைசோவில் விற்கும் பிளாஸ்டிக் கூடையில் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று ஜூரோங் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மட்டமான சரக்கு, கழித்துப்போட்ட சரக்கு என்று பலர் சொல்வதுண்டு. விஷயம் அது இல்லை.

டைசோவை நிறுவிய ஹிரோடாகே யானோ 1972-ல் ஜப்பானின் ஹிரோஷிமா வட்டாரத்தில் லாரியில் சாமான் ஏற்றி விற்கத் தொடங்கினார். விலைச்சீட்டு ஒட்ட நேரமில்லாமல் எல்லாமே 100 யென் என்று சொல்லிவிட்டார். 1977-ல் டைசோ நிறுவனம், 2002-ல் நம் சிங்கப்பூரின் ஐஎம்எம் கடைத்தொகுதியில் கடை. விலை முதலிலேயே முடிவாகிவிட்டது. பொருளைத்தான் அதற்குள் அடக்கியாக வேண்டும்.

எப்படி அடக்குகிறார்கள் என்பதை ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்தாலே பார்க்கலாம். பெரும்பாலும் அடிப்பக்க நடுவில் சிறு மொட்டுபோல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். உருகிய பிளாஸ்டிக் எஃகு அச்சுக்குள் பாய்ந்த வாசல் அது. பக்கத்தில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகை. சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகுவது.

அடுத்து, பக்கச் சுவரைக் கவனியுங்கள். நேராக இருக்காது, அடியில் குறுகி, மேலே விரியும். பாலிபுரொப்பிலீன் ஆறும்போது சுருங்கி, அச்சின் உள்பகுதியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சுவர் செங்குத்தாக இருந்தால் உரசி உரசித்தான் கழற்ற வேண்டும். சற்றே சரிந்திருந்தால் கொஞ்சம் தள்ளியதுமே பிடி விட்டுப்போகும், வாளி கழன்றுவிடும். அப்புறம் அதே சரிவுதான் வாளிக்குள் வாளியாக அடுக்கவும் விடுகிறது. இல்லாவிட்டால் கப்பல் கொள்கலனில் வெறும் காற்றுக்குத்தான் வாடகை கட்ட வேண்டியிருக்கும். இரண்டு செலவுகளை ஒரே கோணம் மிச்சப்படுத்துகிறது. எனக்கு இதைவிட அழகான வடிவமைப்பு சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அச்சுதான் விலை பிடித்தது. அதற்கு 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாளி வார்த்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 50 வெள்ளி விழும். பத்து லட்சம் வார்த்தால் வெறும் 5 காசு. கடைகள் பெருகப் பெருக ஆர்டர் பெருகும், அடக்கவிலை இறங்கும், அந்த மலிவே இன்னும் கடைகளைத் திறக்க வைக்கும். இங்கே 2022 மே மாதம் பொருள் சேவை வரியும் பல விலைகளும் வந்தபோதும் ஆரம்ப விலை 2.14 வெள்ளியாகத்தான் இருந்தது.

இனிமேல் மிச்சம் பிடிக்க இடமிருப்பது நேரத்தில். ஒரு வாளியை வார்த்தெடுக்கும் சுற்றில் பெரும்பகுதி நேரம் பிளாஸ்டிக் ஆறுவதற்கே போகிறது. அச்சுக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்களைப் பொருளின் வளைவுக்கேற்ப வளைத்து அமைத்தால் சீக்கிரம் ஆறும். முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்) முறையில் இப்போது அதைச் செய்ய முடிகிறது. இந்த மாதிரி ஆராய்ச்சிக்குப் பகட்டு கிடையாது. ஆனால் 30 விநாடிச் சுற்றில் 3 விநாடி குறைந்தாலும் அதே இயந்திரம் மணிக்கு 120-க்குப் பதில் 133 வாளி வார்க்கும். ஆராய்ச்சிப் பணத்தில் தாராளமாகவே ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.