நேரலை ஏன் பிந்துகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி: சிங்கப்பூர்த் தேசிய தினத்தன்று கொடியோடு வரும் ஹெலிகாப்டர் எங்கள் புளோக்கைத் தாண்டிப் போய்விடுகிறது. கைப்பேசி நேரலையில் அது அரை நிமிடம் கழித்துத்தான் தெரிகிறது. வீட்டில் ஃபைபர் இணையம் இருந்தும் ஏன் இந்தத் தாமதம்?

ஃபைபர் மீது குற்றமில்லை. இந்தத் தாமதம் தெரிந்தே வைக்கப்படுவது. ஏன் என்று புரிய, தொலைபேசிக் கம்பியில் விநாடிக்கு 28.8 கிலோபிட் வந்த மோடம் காலத்துக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அன்றைய நேரலைப் படம் 176×144 புள்ளிகள். புள்ளிக்கு 12 பிட் வீதம் ஒரு சட்டத்துக்கு, அதாவது காணொளியின் ஒரு தனிப் படத்துக்கு, சுமார் 300,000 பிட். விநாடிக்கு 10 சட்டம் என்றால் 3 மில்லியன். அந்த மோடத்தில் நம்பி அனுப்ப முடிந்தது விநாடிக்கு 20,000 பிட்தான். அதில் ஒலிக்கு 6,000 போனால் படத்துக்கு மிச்சம் 14,000. இருநூறு மடங்குக்கு மேல் சுருக்க வேண்டும். முந்தைய சட்டத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் அனுப்பிச் சமாளித்தார்கள். யாராவது கையை வீசினால் படம் கட்டம் கட்டமாகச் சிதறியது அதனால்தான்.

சுருக்கத்தைவிட எனக்குப் பிடித்தது பஃபர், அதாவது முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் கையிருப்பு. இணையத்தில் தரவைச் சுமந்து வரும் சிறு பொட்டலங்களான பாக்கெட்டுகள் சீராக வருவதில்லை. ஒன்று 200 மில்லிவிநாடியில் வந்துவிடும். அடுத்தது, வழி பார்த்து அனுப்பும் ரூட்டர் கருவியின் வரிசையில் நின்று 2 விநாடி கழித்து வரும். சில தொலைந்தே போகும். பிளேயருக்கோ 100 மில்லிவிநாடிக்கு ஒரு சட்டம் வேண்டும். அதனால் முதல் 10 விநாடிக்கான 200,000 பிட்டை, அதாவது 25 கிலோபைட்டை, சேர்த்து வைத்துக்கொண்ட பிறகே படத்தை ஓட்டும். புளோக் மாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரிதான்: பம்பு விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும்.

ஆனால் தொட்டி ஏற்ற இறக்கத்தைத்தான் சமாளிக்கும், பற்றாக்குறையைத் தீர்க்காது. விநாடிக்கு 20 கிலோபிட் செலவாகும் இடத்தில் 18தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிலோபிட் கையிருப்பு 100 விநாடியில் காலி. ஒன்றரை நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் படம் உறைந்து, திரையில் மறுபடி ‘பஃபரிங்’ வந்ததற்கு இதுவே காரணம். மோடத்தை அணைத்துப் போட்டால் சரியாகும் என்று சத்தியம் செய்தவர்கள் உண்டு. பெரும்பாலும் நடந்தது, தொட்டி திரும்ப நிரம்பி இன்னொரு 100 விநாடி ஓடியதுதான். விநாடிக்குக் குறைந்த பிட் கேட்கும் நேரலைப் பதிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் நிற்காமலே ஓடியிருக்கும்.

சர்வர் பக்கச் சிக்கல் வேறு. ஆளுக்கொரு நகல் அனுப்ப வேண்டும். விநாடிக்கு 1.544 மெகாபிட் அனுப்பும் டி1 என்ற இணைப்பில், ஆளுக்கு 20 கிலோபிட் வீதம், 77 பேருக்கு மேல் இடமில்லை. ஆராய்ச்சியாளர்கள் 1992ல் அமைத்த எம்போன் என்ற வலையமைப்பு இதற்கு அழகான வழி கண்டது: ஒரே நகல் புறப்படும், பாதை பிரியும் ரூட்டரில் மட்டும் அது இரண்டாகும். 1993 ஜூனில் ‘சிவியர் டயர் டேமேஜ்’ இசைக்குழுவின் நிகழ்ச்சி கலிஃபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை போனது அப்படித்தான். வணிக இணையச் சேவையாளர்கள் பெரும்பாலும் அதைத் தங்கள் ரூட்டர்களில் இயக்கவில்லை. யாரிடம் கட்டணம் வாங்குவது என்று தெரியாத தொழில்நுட்பத்தைச் சந்தை தொடாது. ஆராய்ச்சிப் பணம் முதலில் போகவேண்டியது அத்தகையவற்றுக்கே என்பது என் கட்சி.

இங்கே 1998ல் சிங்கப்பூர் ஒன் என்ற அதிவேக இணையத் திட்டம் வீட்டு இணைப்பை அகலமாக்கியது. அமெரிக்க நேரலை மட்டும் கடலடிக் கம்பியில் ஆளுக்கொரு நகலாகவே வந்துகொண்டிருந்தது.

ஆப்பிள் 2009ல் கொண்டுவந்த எச்எல்எஸ் முறை காணொளியைத் துண்டுகளாக வெட்டிச் சாதாரண வலைக் கோப்புகளாக அனுப்புகிறது. உள்ளூர் சர்வர் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் கொடுக்கும். பிளேயர் பொதுவாக மூன்று துண்டு பின்னால் நின்றே தொடங்கும். துண்டு 6 விநாடி என்றால் அதிலேயே 18 விநாடி போய்விடும். குறியாக்கமும் விநியோகமும் சேர்ந்தால் அரை நிமிடத்தை நெருங்கும். துண்டை 1 விநாடியாகக் குறைக்கலாம். அப்போது கையிருப்பு 3 விநாடிதான். எம்ஆர்டி ரயிலில் 4 விநாடி சிக்னல் போனாலே படம் நிற்கும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களுக்கு ஆன்டெனா செருகிய மின்னிலக்கத் தொலைக்காட்சியே மேல். அது சில விநாடிதான் பிந்தும்.