பெருமூச்சு இல்லாவிட்டால் நுரையீரல் சுருங்கிவிடும்

நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைச் சிறிது நேரம் கவனித்துப் பாருங்கள். சீராக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் மார்பு, திடீரென்று ஒருமுறை மட்டும் வழக்கத்தைவிட நன்றாக மேலெழும்பும். பிறகு நீளமாக ஒரு மூச்சு வெளியே வரும். அவருக்கு அந்த நேரத்தில் எந்தத் துக்கமும் இல்லை. கைக்குழந்தையும் இப்படித்தான் பெருமூச்சு விடுகிறது. எலியும் விடுகிறது, நாயும் விடுகிறது.

வீட்டில் யாராவது பெருமூச்சு விட்டால் “என்ன கவலை உனக்கு?” என்று உடனே கேட்டுவிடுகிறோம். ஆனால் ஆரோக்கியமான ஒரு மனிதர் விழித்திருக்கும்போதும் தூங்கும்போதும் சராசரியாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெருமூச்சு விடுகிறார். அதாவது மணிக்குச் சுமார் 12. அவற்றில் பெரும்பாலானவை நம் கவனத்துக்கே வருவதில்லை. கவலையும் ஏக்கமும் பிறகு வந்து சேர்ந்துகொண்டவை. பெருமூச்சின் முதல் வேலை நுரையீரலைத் திறந்து வைப்பது.

சாதாரணமாக ஒரு மூச்சுக்கு நாம் உள்ளே இழுப்பது சுமார் அரை லிட்டர் காற்று. பெருமூச்சில் என்ன நடக்கிறது என்றால், இந்த மூச்சை இழுத்து முடிக்கும் தறுவாயில், அதை வெளியே விடாமல் அதன்மேலேயே இன்னொரு மூச்சை இழுக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு காற்று உள்ளே போகிறது. நெஞ்சு கொள்ளும் அளவுக்கு விரிந்து, அப்புறம்தான் அந்த நீண்ட வெளிமூச்சு வருகிறது. வெளியே கேட்கும் ‘ஹ்ம்ம்’ என்ற சத்தம்தான் நமக்குத் தெரிகிறது. ஆனால் வேலை நடப்பது அதற்கு முந்தைய உள்மூச்சில்.

அந்தக் கூடுதல் காற்று எதற்கு என்று புரிந்துகொள்ள நுரையீரலுக்குள் போகவேண்டும். மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிரிந்து, இப்படி இருபதுக்கும் மேற்பட்ட முறை பிரிந்து கடைசியில் மிகச்சிறிய காற்றுப்பைகளில் போய் முடிகிறது. ஒரு பையின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து சராசரியாக 48 கோடிப் பைகள் இருக்கின்றன. அவற்றின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் எழுபது சதுர மீட்டர் அளவுக்கு வரும். இந்தச் சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் ரத்தத்துக்குள் போகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியே வருகிறது.

பையின் உட்சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. சிக்கல் தொடங்குவது இந்த ஈரத்தில்தான். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால், நீரின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். பள்ளியில் படித்த பரப்பு இழுவிசை இதுதான். பை சிறிதாக இருக்க இருக்க, அதை உள்நோக்கி அமுக்கும் அழுத்தம் கூடும். அதனால் சுருங்கத் தொடங்கிய பை மேலும் சுருங்கும். கடைசியில் ஈரமான பிளாஸ்டிக் கவரின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல் அதன் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பைக்குள் காற்று நுழையாது. அதைச் சுற்றி ஓடும் ரத்தம் ஆக்சிஜன் எடுக்காமலேயே திரும்பிப் போகும். அரை லிட்டர் சாதாரண மூச்சுக்கு அதை மறுபடி திறக்கும் வலு கிடையாது. திறந்திருக்கும் பைகளுக்குள் போய்வருவதோடு அது முடிந்துவிடும்.

இந்த ஒட்டுதலைத் தடுக்க நுரையீரல் தானே ஒரு மருந்து செய்கிறது. சர்ஃபாக்டன்ட் என்பது அதன் பெயர். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பும் மீதி புரதமுமான இந்தப் பொருளைக் காற்றுப்பைச் சுவரில் உள்ள சில தனி செல்கள் சுரக்கின்றன. நீர்ப்படலத்தின் மேல் இது பரவி, நீர் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. இது எவ்வளவு அவசியம் என்பது குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துத்தான் மருத்துவ உலகத்துக்குப் புரிந்தது. கருவின் நுரையீரலில் போதுமான சர்ஃபாக்டன்ட் சேர ஏறத்தாழ 35 வாரம் ஆகிறது. அதற்கு முன்பே பிறந்துவிட்ட குழந்தைகளில் பலர் ஒவ்வொரு மூச்சுக்கும் போராடி, இரண்டு மூன்று நாளில் இறந்துபோனார்கள். காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறைதான் என்று 1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் இருவரும் காட்டினார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து இதே நோயில் 39 மணி நேரத்தில் இறந்தான். காரணம் தெரிந்திருந்தும் கொடுக்க மருந்து இல்லை. 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாராவின் குழு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த சர்ஃபாக்டன்ட்டைப் பத்துக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்தி நல்ல பலன் கண்டது. இன்று பச்சிளங்குழந்தை ஐசியூக்களில் இந்தச் சிகிச்சை வழக்கமாகிவிட்டது. எத்தனையோ குழந்தைகள் இதனால் பிழைத்திருக்கிறார்கள். கடந்த நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ வெற்றிகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

சரி, சர்ஃபாக்டன்ட் இருக்கும்போது பெருமூச்சு எதற்கு? சர்ஃபாக்டன்ட் இருந்தாலும், ஒரே அளவில் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பைகள் மூடிக்கொண்டுதான் போகும். பெருமூச்சின் இரட்டை அளவு காற்று அவற்றை ஒரே தள்ளலில் திறந்துவிடுகிறது. இன்னொரு பயனும் இருக்கிறது. சர்ஃபாக்டன்ட் சுரக்கும் செல்கள் இழுபடும்போது கூடுதலாகச் சுரக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்களை ஒரே ஒருமுறை இழுத்து விட்டாலே அதன்பின் நெடுநேரம் சுரப்பு தொடர்ந்ததை 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரே பெருமூச்சில் மூடிய பையும் திறக்கிறது, அது மறுபடி மூடாமலிருக்கப் புதுப் பூச்சும் கிடைக்கிறது.

இந்தப் பெருமூச்சை யார் நினைவு வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விடச் சொல்கிறார்கள்? மூளையின் அடியில், முதுகுத்தண்டோடு சேரும் இடத்தில் உள்ள முகுளத்தில், சில ஆயிரம் நியூரான்கள் (நரம்பு செல்கள்) கொண்ட ஒரு சிறு கூட்டம் இருக்கிறது. நம் ஒவ்வொரு மூச்சின் தாளமும் இங்கிருந்துதான் பிறக்கிறது. அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் ஜாக் ஃபெல்ட்மனின் குழு 1991-இல் இதை அடையாளம் காட்டியது. பிரீ-பாட்ஸிங்கர் தொகுதி என்று பெயர். ஜெர்மனியில் நடந்த ஒரு கருத்தரங்கில் மேசையில் இருந்த வைனின் பெயரிலிருந்து வந்தது அது.

ஃபெல்ட்மனும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் கிராஸ்னோவும் தத்தம் குழுக்களுடன் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு, எலிகளின் மூளையில் பெருமூச்சுக்கென்றே இருக்கும் பாதையைக் கண்டுபிடித்தது. தாளத் தொகுதிக்குப் பக்கத்தில் சுமார் 200 நியூரான்கள் செய்தி கடத்தும் இரண்டு பெப்டைடுகளை, அதாவது குட்டிப் புரதத் துண்டுகளை, தயாரிக்கின்றன. தொகுதிக்குள் இருக்கும் இன்னொரு 200 நியூரான்கள் அவற்றைப் பெற்றுக்கொள்கின்றன. செய்தி வந்ததும் அப்போது இழுத்துக்கொண்டிருக்கும் மூச்சின்மேல் இன்னொரு மூச்சு ஏறுகிறது. அந்தப் பெப்டைடுகளை வெளியிலிருந்து செலுத்தியபோது எலிகள் பல மடங்கு பெருமூச்சு விட்டன. இரண்டு பெப்டைடுகளின் வழியையும் அடைத்தபோது பெருமூச்சு அடியோடு நின்றுபோனது. ஆனால் சாதாரண மூச்சு தொடர்ந்து ஓடியது! சில நூறு செல்களை வைத்து ஒரு முழுச் செயலை ஆட்டிவைக்கும் இந்தச் சிக்கனம் என்னை மிகவும் ஈர்க்கிறது. உடலில் ஆக்சிஜன் குறைந்தாலும் இதே பாதைதான் பெருமூச்சின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

மனதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? பதற்றத்திலும் துக்கத்திலும் பெருமூச்சு கூடுகிறது, ஆபத்து விலகியதும் ‘அப்பாடா’ என்று ஒன்று வருகிறது. இவையெல்லாம் உண்மை. மேல் மூளையின் உணர்ச்சிப் பகுதிகளிலிருந்து மூச்சுத் தாள மையத்துக்குத் தகவல் வருகிறது. ஆனால் எந்த உணர்ச்சி எந்த வழியாக வருகிறது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே பெருமூச்சு விட்டால் மனம் லேசாகுமா என்று ஸ்டான்ஃபோர்டில் ஓர் ஆய்வு நடந்தது. மூக்கால் ஒருமுறை இழுத்து, அதன்மேல் இன்னொருமுறை இழுத்து, பிறகு வாயால் மெதுவாக விடவேண்டும். தினமும் ஐந்து நிமிடம், ஒரு மாதம். 2023-இல் வெளியான முடிவின்படி, அப்படிச் செய்தவர்களின் மனநிலை தியானம் செய்தவர்களைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பதற்றம் இரு தரப்பிலும் குறைந்தது. நூற்றுச் சொச்சம் பேரை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் இதைப் பெரிதாகக் கொண்டாட வேண்டியதில்லை. செலவில்லாதது, செய்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

பெருமூச்சின் அருமை மருத்துவமனையில்தான் நன்றாகத் தெரியும். மயக்க மருந்து கொடுத்து, கருவி வழியாக ஒரே அளவு காற்றைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டிருந்தால் நேரம் ஆக ஆக நோயாளியின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை 1963-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கவனித்தார்கள். இடையிடையே நுரையீரலை நன்றாக விரியச் செய்ததும் அது மீண்டும் ஏறியது. அதன்பிறகு வந்த வென்டிலேட்டர்களில் சில நிமிடங்களுக்கு ஒரு பெருமூச்சு கொடுக்கும் வசதியையே சேர்த்தார்கள். இன்று வெளிமூச்சின் முடிவிலும் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி வைத்துப் பைகள் மூடாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

அறுவை சிகிச்சை முடிந்து விழித்த பிறகும் இந்த ஆபத்து தீர்வதில்லை. வயிற்றில் தையல் இருந்தால் வலிக்குப் பயந்து மேலோட்டமாகவே மூச்சு விடுவார்கள். மார்ஃபின் போன்ற வலி மருந்துகளும் பெருமூச்சைக் குறைக்கும். அடிப்பக்க நுரையீரல் மூடிக்கொள்ளும், சளி தங்கும், நிமோனியா வரலாம். அதற்காகத்தான் மூன்று பந்து உள்ள அந்த ஸ்பைரோமீட்டரைக் கொடுக்கிறார்கள். கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த அதே கருவிதான். அதை ஊதிப் பந்தைத் தூக்கப் பார்ப்பவர்கள் உண்டு. ஊதினால் பயன் இல்லை. மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து, மெதுவாக உள்ளே உறிஞ்ச வேண்டும். பந்து மேலே நிற்கும்போது மூன்று நான்கு நொடி மூச்சைப் பிடித்து, அப்புறம் விடவேண்டும். தலை சுற்றினால் சற்று ஓய்வெடுத்துவிட்டுத் தொடரலாம். தையல் போட்டவர்கள் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு செய்தால் வலி குறைவாக இருக்கும்.