குட்டை விறகு முந்திக் காய்வது ஏன்?

ராமநாதபுரம் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கண்மாயில் சீமைக் கருவேலம் வெட்டினார்கள். நீள விறகெல்லாம் விலைக்குப் போய்விட்டது. தூர்க்கட்டை, கவட்டை, ஒரு சாண் துண்டு இவைதான் எங்களுக்கு மிச்சம். அடுக்கினால் நிற்கவில்லை. ஐப்பசி மழைக்குள் காயுமா?"

துண்டுகள் காயும், நீள விறகை முந்திக்கொண்டே காயும். தூரும் கவட்டையும் மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு விதமாக இருக்கிறது. செல்லின் உட்குழிவில் தங்கியிருக்கும் நீர் எளிதில் போய்விடும். செல்சுவரின் செல்லுலோஸோடு பிணைந்த நீர் லேசில் விடாது. நீரின் அளவு, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இறங்கியதும் பிணைந்த நீர் மட்டுமே மிஞ்சும். கட்டை சுருங்குவதும் வெடிப்பதும் அதன் பிறகுதான். அடுப்புக்கு 20 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும்.

இந்த நீர் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய சைலக் குழாய்கள் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. வெட்டுவாயைக் கைலென்ஸ் வைத்துப் பாருங்கள், கட்டுக்கட்டாக வைத்த உறிஞ்சுகுழல்களின் வாய்போல நுண்துளைகள் தெரியும். மரம் விழுந்த பிறகும் ஈரத்துக்கு அதுவே நல்ல வழி. குறுக்கே போவதென்றால் சுவர் சுவராகக் கடக்க வேண்டும். கடந்து வந்தாலும் வெளியே பட்டை நிற்கும். அதன் தக்கைத் திசுவில் உள்ள சூபரின் என்ற மெழுகுபோன்ற பொருள் நீரை எளிதில் விடாது. நார்ப்போக்கில் ஈரம் நகரும் வேகம் குறுக்குப்போக்கைவிட 10 முதல் 15 மடங்கு.

இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது. ஈரம் பரவிச் செல்லும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கைக்கணக்கு கிடைக்கிறது. கட்டையின் நீளம் அதன் கனத்தைப்போல் மூன்று மடங்குக்குள் இருந்தால், பாதிக்கு மேற்பட்ட வேலையை இரண்டு வெட்டுவாய்களே பார்த்துவிடும். 4 அங்குலக் கனத்துக்கு ஒரு அடி நீளம்வரை லாபம். அதே கனத்தில் 3 அடி விறகின் நடுப்பகுதிக்கு முனைகள் இருந்தும் பயனில்லை; அங்குள்ள ஈரம் பக்கவாட்டில்தான் வழி தேட வேண்டும்.

தூரிலும் கவட்டையிலும் நார் முறுக்கிப் பின்னிக் கிடக்கும். குழாய்கள் நேரே வெளியே வருவதில்லை, கனமும் அதிகம். அவற்றைக் கோடரியால் பிளக்க மெனக்கெட வேண்டாம்; இரம்பத்தால் கவட்டையின் சந்தில் குறுக்கே ஒரு அறுப்பு போதும். பட்டையையும் ஒரு பக்கம் சீவிவிடுங்கள்.

அடுக்க முடியாததற்கும் வருந்த வேண்டாம். தாறுமாறாகக் கொட்டிய குவியலில் ஏறத்தாழ பாதி இடம் காற்றுதான். அந்தச் சந்துகளை அடைப்பவை சிராயும் உதிர்ந்த பட்டையும். அவற்றைச் சலித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கம்பி வலையை வட்டமாக வளைத்த கூண்டிலோ, தக்காளி டிரேயிலோ, வெங்காயம் வரும் வலைச்சாக்கிலோ போடலாம். அடியில் செங்கல் வைத்துத் தூக்குவது மிக முக்கியம். ஈரம் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குகிறது. அடியில் திறப்பு இல்லாவிட்டால் அந்த ஈரக்காற்று குவியலுக்குள்ளேயே தேங்கிவிடும். மேலே தகரம் மட்டும் போதும். தார்ப்பாயைச் சுற்றிப் போர்த்தினால் இரவில் உட்புறம் நீர் கோத்து விறகிலேயே சொட்டும்.

ஈர விறகு வெப்பத்தைத் தின்கிறது என்பார்கள். ஒரு கிலோ உலர்ந்த மரத்தில் அரை லிட்டர் நீர் இருந்தால், அதை ஆவியாக்கச் செலவாவது அந்த மரம் தரும் வெப்பத்தில் 7 சதவீதம்தான். பெரிய கேடு வேறு. நீர் இருக்கும்வரை கட்டையின் அந்தப் பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் சூடு இறங்க, மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் பற்றாமல் புகையாகிச் சமைக்கிறவரின் நெஞ்சுக்குள் போகின்றன. மத்திய அரசு 1983ல் மேம்படுத்தப்பட்ட அடுப்புகளுக்குத் தேசியத் திட்டமே தொடங்கியது. விறகைக் காயவைப்பதும் அந்த அளவு அக்கறைக்கும் பணத்துக்கும் உரியது என்பது என் உறுதியான கருத்து. செலவு குறைந்த ஆராய்ச்சி அது, பலன் நேராக அடுப்படிக்குப் போகும்.

தேய்பிறையில் வெட்டினால் சீக்கிரம் காயும் என்று சொல்பவர்களும் உண்டு. நிலவுக்குக் காத்திருந்து வெயில் நாட்களை வீணாக்காதீர்கள். தராசை நம்புங்கள். குவியலின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அடையாளமிட்டு வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால் கட்டை காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரத்தில் நீர் சுமார் 12 சதவீதத்தில் நிற்கும். அடைமழையில் அது 90 சதவீதத்தைத் தொட்டால், மரத்தின் ஈரமும் மெல்ல 20 சதவீதத்தை நோக்கி ஏறும். குட்டைத் துண்டுகள் காய்வதில் முந்துவதுபோலவே ஈரம் ஏற்பதிலும் முந்தும். அதனால் மழை நாட்களில் மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் முந்தின இரவே எடுத்து, தணல் படாத தூரத்தில் அடுப்போரம் பரப்பி வையுங்கள்.