கவுண்டிக் கச்சேரி

‘ரே கவுண்டி கோர்ட்ஹவுஸ்’ என்பதை ‘ரே மாவட்ட நீதிமன்றம்’ என்று ஓர் ஆவணப்படத்தின் தமிழ் சப்டைட்டிலில் மறுபடியும் பார்த்தேன். எத்தனையாவது தடவையோ!

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்னும் சிற்றூரில் 1891இல் எழுந்த செங்கல் கட்டடம் அது. பரிணாமக் கொள்கையைப் பள்ளியில் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ்மீது 1925இல் நடந்த வழக்கால் பேர்போனது.

‘மாவட்டம்’ ஏன் தப்பு? அந்நாட்டில் ‘டிஸ்ட்ரிக்ட் கோர்ட்’ என்ற பெயரில் மத்திய அரசின் நீதிமன்றங்கள் இருக்கின்றன. மாநிலத்தின் நிர்வாகப் பிரிவான கவுண்டிகள் டென்னசியில் 95. மத்திய நீதி மாவட்டங்கள் மூன்றே. ஸ்கோப்ஸ் மீறியதாகச் சொன்னது மாநிலச் சட்டத்தை. மொழிபெயர்ப்பாளர் வழக்கையே இடம் மாற்றிவிட்டார். கவுண்டி என்பது பிரபுவின் ஆட்சிப்பகுதியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். அப்படியே விட்டால் குடி முழுகிவிடாது.

‘நீதிமன்றம்’ அதைவிட மோசம். கோர்ட் வேறு, கோர்ட்ஹவுஸ் வேறு; முன்னது விசாரிக்கும் அமைப்பு, பின்னது அது கூடும் கட்டடம். 1925 ஜூலை 20 அன்று வெக்கை தாங்கவில்லை. கூட்டத்தின் பாரத்தில் மாடித்தளம் இறங்கிவிடுமோ என்ற பயம் வேறு. நீதிபதி ரால்ஸ்டன் விசாரணையை வெளியே புல்தரைக்கு மாற்றினார். ஸ்கோப்ஸின் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ, எதிர்த்தரப்பு வக்கீல் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைக் கேள்விகளால் துளைத்தது அங்கேதான். இதை என்னவென்று எழுதுவது? ‘நீதிமன்றம் நீதிமன்றத்துக்கு வெளியே கூடியது’ என்றா? அப்படித்தான் எழுதியிருந்தார்கள்! (மன்றம் என்பதே முன்பு ஊர்ப் பொதுவெளிதான், கோர்ட்டின் லத்தீன் வேரும் அடைப்புள்ள முற்றம்தான். அது தனிக்கதை.)

தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘அறமனை’ என்கிறார். காதுக்கு இனிமை, சரி. ஆனால் கேட்டதும் அன்னசத்திரம்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கச் சிறு கவுண்டிகளில் வரி கட்டவும், பத்திரம் பதியவும், கல்யாண உரிமம் வாங்கவும் சனங்கள் படியேறுவது இந்தக் கட்டடத்துக்குத்தான். அதில் அறம் எங்கே வந்தது? புதுச்சொல் செய்கிறவர்கள் அகராதியைப் புரட்டுகிறார்களே தவிர, கட்டடத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதில்லை.

நம்மிடம் சொல் இல்லாமலா? தாலுகா கச்சேரி என்றார்களே நம் தாத்தாக்கள்! அரசு அலுவலகம் யாழ்ப்பாணத்தார் பேச்சில் இன்னும் கச்சேரிதான். இந்துஸ்தானியிலிருந்து வந்தது என்று நண்பர் முகம் சுளிக்கிறார். பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடுவார்களாம். ‘கோர்ட்டு கச்சேரின்னு அலையாதே’ என்று சொன்னால், யாராவது வீணையைத் தேடுகிறார்களா?

‘ரே கவுண்டிக் கச்சேரியின் புல்தரையில் நீதிமன்றம் கூடியது.’ இதில் எது புரியவில்லை?