வழுக்கும் சீட்டும் பல் தண்டவாளமும்

நீலகிரியில், தலைகுந்தாவில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். போன டிசம்பரில் ஒரு காலை, முதல் சில வளைவுகளைத் தாண்டியிருப்பேன், உண்ணிச்செடிப் புதரை விலக்கிக்கொண்டு ஒரு காட்டெருமை ரோட்டில் ஏறி நின்றது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது, நான் நிற்கவில்லை. சீட்டில் இருந்து அப்படியே முன்னால் சறுக்கி டேங்கில் இடித்தேன். உடம்புப் பாரம் மொத்தமும் இரண்டு மணிக்கட்டில் இறங்கியது. ஹேண்டில் ஒரு பக்கம் வெட்டி, கஷ்டப்பட்டு நேரானது. எருமை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் சரிவில் இறங்கிப் போனது.

முந்தின நாள் சாயங்காலம்தான் வண்டியை வாட்டர் வாஷுக்கு விட்டிருந்தேன். அங்கே இருந்த பையன் நல்ல மனதோடு டேங்க், சைடு பேனல், சீட் என்று எல்லாவற்றுக்கும் பாலிஷ் அடித்துத் துடைத்திருந்தான். சீட் கண்ணாடி மாதிரி மின்னியது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். ஸ்போர்ட் பைக்குக்கு நன்றாகப் பிடிக்கிற சீட் ஒன்று வேண்டும், ஆனால் பிடிப்பு என்றால் உண்மையில் என்ன?

பஸ்ஸில் நிற்கிறோம், டிரைவர் பிரேக் அடிக்கிறார், எல்லோரும் முன்னால் சாய்கிறோம். அந்த நொடியில் நம் உடம்புக்குக் ‘கீழே’ என்ற திசையே மாறிவிடுகிறது. காலுக்கு நேர் கீழே இருந்தது, கொஞ்சம் முன்னால் நகர்ந்துவிடுகிறது. பைக்கிலும் இதுதான் நடக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்து 7 மீட்டரில் நின்றால், வேகம் குறையும் விகிதம் புவியீர்ப்பில் ஏறத்தாழ பாதி. சமதளத்தில் இதுவே 27 டிகிரி சாய்ந்த பலகையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். இப்போது மலையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் மலை ரயில் ஏறும் மிகச் செங்குத்தான இடத்தில் 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும். ரோடும் அதே அளவு சரிவில் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், பலகையின் சாய்வு 30 டிகிரி ஆகிறது. ஸ்போர்ட் பைக் சீட் பெரும்பாலும் டேங்கைப் பார்த்துச் சரிந்திருக்கும். அதற்கு ஒரு 5 டிகிரி. மொத்தம் 35.

35 டிகிரி என்பது குன்னூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் தகரக் கூரை மாதிரியான சாய்வு. அதன் மேல் ஏறி உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் இருக்கச் சொன்னால் இருப்போமா? பிரேக் அடிக்கும் அந்த இரண்டு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு சீட்டிடம் நாம் கேட்பது அதைத்தான்.

கூரையில் வழுக்காமல் இருக்க எவ்வளவு உராய்வு வேண்டும் என்பதற்குக் கணக்கு ரொம்ப எளிது. சாய்வுக் கோணத்தின் டேன் (tan) மதிப்புதான் தேவையான உராய்வுக் குணகம், அதாவது மேலே இறங்கும் பாரத்தில் எவ்வளவு பங்கு விசையை உராய்வு தாங்கும் என்று சொல்லும் எண். 35 டிகிரிக்கு அது 0.70. இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், நானும் பார்த்தேன். சீட்டைக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தேன். 2 கிலோ அரிசிப் பையை நான் வண்டி ஓட்டப் போடும் பேண்ட்டில் சுற்றி அதன் மேல் வைத்தேன். சீட்டின் பின்பக்கத்தை மெதுவாகத் தூக்கிக்கொண்டே போய், பை நகரும் நொடியில் சீட்டின் சாய்வைப் போனில் கோணம் காட்டும் செயலியில் பார்த்தேன். 20 டிகிரியில் வழுக்கினால் குணகம் 0.36. 30 என்றால் 0.58. பாலிஷ் போட்ட என் சீட் 20-ஐத் தொடும் முன்பே பையை விட்டுவிட்டது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக நகரவில்லை. அதுவரை அசையாமல் இருந்த பை ஒரே ஓட்டமாக ஓடிக் கீழே விழுந்தது. நிற்கும்போது இருக்கும் உராய்வு, நழுவ ஆரம்பித்ததும் குறைந்துவிடுகிறது. அதனால்தான் ரோட்டிலும் நாம் ஓர் அங்குலம் நழுவி நிற்பதில்லை, நேராக டேங்க் வரை போகிறோம்.

உராய்வு பாரத்தைப் பொறுத்தது, தொடும் பரப்பளவைப் பொறுத்தது இல்லை என்று 1699-ல் அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னார். கேட்க நம்ப முடியாததாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் இருவரும் காரணத்தை விளக்கினார்கள். எவ்வளவு வழவழப்பான பரப்பும் நுண்ணிய அளவில் மேடு பள்ளம்தான். இரண்டு பரப்புகள் சேரும்போது மேடுகளின் உச்சிகள் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. பாரம் கூடினால் உச்சிகள் நசுங்கி, உண்மையாகத் தொடும் இடம் கூடுகிறது. ரப்பர் மாதிரி மிருதுவான பொருளுக்கு அமோந்தோன் விதி அப்படியே பொருந்தாது. அது எதிர்ப்பரப்பின் பள்ளங்களுக்குள் இறங்கி உட்கார்ந்து, அதிக இடத்தில் தொட்டு, அதிகமாகப் பிடிக்கிறது.

வண்டியோடு வரும் ரெக்ஸின் சீட்டின் கதை இங்கேதான் வருகிறது. ரெக்ஸின் என்பது துணி மேல் பிவிசி பூசியது. தண்ணீர்க் குழாய் செய்யும் அதே பிவிசிதான், மென்மையாக்கும் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்ததால் வளைகிறது. வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் அந்தப் பொருள் மெல்ல வெளியேறிவிடும், மேல்தோல் இறுகிவிடும். உதகை கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் இருக்கிறதே என்று நினைக்கிறோம், ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிரும் கூடும். பற்றாததற்கு, தலைகுந்தாவில் உறைபனி விழும் ஜனவரிக் காலையில் பிவிசி இன்னும் விறைத்துக்கொள்கிறது. விறைத்த உச்சி நசுங்காது. நசுங்காவிட்டால் பிடிக்காது. இதன் மேல் சிலிக்கோன் பாலிஷும் அடித்தால், இருக்கிற பள்ளமும் எண்ணெயால் நிரம்பிவிடும். சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவியதில் என் சீட் பாதி பழைய நிலைக்கு வந்தது. சீட் வழுக்குகிறது என்று நினைப்பவர்கள் பணத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியது இதுதான்.

அப்புறம் துணி மாற்ற குன்னூரில் ஒரு குஷன் ஒர்க்ஸுக்குப் போனேன். வெல்வெட் மாதிரி இருக்கும் மைக்ரோஃபைபர் துணிதான் என் மனதில் இருந்தது. ரேஸ் கார் ஸ்டியரிங்கில் சுற்றுவார்களே, அந்த வகை. கடைக்கார அண்ணா அதை எடுத்துப் போட்டார், ஆனால் மேலே ஒரு செம்பில் இருந்து தண்ணீரைத் தெளித்தார்.

“தம்பி, இது காஞ்சிருக்கிற வரைக்கும் ராஜா. நம்ம ஊர் மழையில இது என்னைக்குக் காயும்?”

சரியான கேள்வி. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். அது முடிந்ததும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு ஆரம்பிக்கும். நடுவில் மஞ்சு. இந்தத் துணியின் மெல்லிய இழைகள்தான் அதற்குப் பிடிப்பைத் தருகின்றன, அதே இழைகள்தான் தண்ணீரையும் பிடித்துவைக்கின்றன. அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் சாதாரண பாலியூரித்தேன் என்றால், அதன் குமிழ்கள் ஒன்றுக்கொன்று திறந்திருக்கும். தையல் ஊசி போட்ட துளை வழியாக இறங்கும் நீரை அது குடித்துவிட்டு, உட்காரும்போதெல்லாம் மேலே அனுப்பும். ரேஸ் வண்டிகளில் ஒட்டும் மெல்லிய கருப்பு ஃபோமில் குமிழ்கள் மூடியிருக்கும், தண்ணீர் உள்ளே போகாது. ஆனால் அதில் தினம் 30 கிலோமீட்டர் போனால் இடுப்பு சொல்லிவிடும்.

அவர் அடுத்து எடுத்தது, வரிவரியாக மேடு வைத்த ரெக்ஸின் துண்டு. மண் பாதையில் ரேஸ் ஓட்டும் மோட்டோகிராஸ் வண்டிகளின் சீட்டில் இடமிருந்து வலமாக மடிப்பு மடிப்பாகத் தைத்திருப்பார்கள், அதே தத்துவம்.

“கட்டை விரலை அழுத்தி நெடுக்கால தள்ளுங்க.”

விரல் வரிகளில் தட்டித் தட்டி நின்றது.

“இப்பக் குறுக்கால.”

வரியோடு வரியாக விரல் சுலபமாகப் போனது. எனக்கு வேண்டியது அந்தத் துண்டில் இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. ஸ்போர்ட் பைக் சீட் எல்லாத் திசையிலும் ஒட்டக் கூடாது. பிரேக்கில் முன்னால் போகாமல் பிடிக்க வேண்டும், வளைவில் பக்கவாட்டில் நகர விட வேண்டும். வளைவுக்கு முன் இடுப்பைக் கொஞ்சம் உள்பக்கம் நகர்த்துவது இந்த வண்டிகளை ஓட்டும் முறையின் ஒரு பகுதி. சீட் பக்கவாட்டிலும் ஒட்டினால், நகர்வதற்கு நாம் ஹேண்டிலைப் பிடித்து இழுப்போம். வண்டி சரியும் நேரத்தில் ஹேண்டிலில் விழும் அந்த இழுப்பு, சறுக்குவதைவிட மோசம்.

கல்லாறில் இருந்து குன்னூர் வரை மலை ரயில் ஏறுவதும் இப்படித்தான். இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம், 12-க்கு 1 சரிவு, மேலே தேயிலைக்காட்டு ஈரம். உராய்வை மட்டும் நம்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். அதனால் 1899-ல் திறந்த அந்தப் பாதையில் நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டார்கள், சுவிட்சர்லாந்தின் ரோமன் ஆப்ட் வடிவமைத்த முறை. பல் பல்லோடு கோத்துக்கொள்ளும்போது பரப்பு வழவழப்பா, ஈரமா என்பது பெரிய விஷயமே இல்லை. ஏறும்போது தள்ளவும் இறங்கும்போது பிடிக்கவும் அதே பல்தான். சீட்டின் வரிகளும் பற்கள்தான். உட்காரும்போது தொடைச் சதையும் பேண்ட்டும் வரிகளுக்கு நடுவே இறங்கிக் கோத்துக்கொள்கின்றன. மழையில் நடுப்பள்ளம் வாய்க்காலாகித் தண்ணீரைப் பக்கவாட்டில் வழியவிடுகிறது. கார்பன் ஃபைபர் டிசைன் என்று விற்கும் ரெக்ஸினில் இப்படி எதுவும் இல்லை. நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டாமல் போனால் அது வெறும் படம்.

துணியைவிடப் பெரிய லாபம் இன்னொன்றில் இருக்கிறது: சீட்டின் சரிவு. அந்த 5 டிகிரியை மட்டும் எடுத்துவிட்டால் கூரை 35-ல் இருந்து 30-க்கு இறங்கும், தேவையான குணகம் 0.70-ல் இருந்து 0.58 ஆகும். அந்த அளவு பிடிப்பைத் துணியால் மட்டும் கூட்டுவது கடினம். முன்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்து உயர்த்தலாம், ஆனால் உயரம் கூடும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு நிற்கும்போது, சரிவுப் பக்கம் காலை ஊன்றினால் தரை எட்டாது. வண்டி சாய்ந்தால் பிடிக்க முடியாது. அதனால் பின்பக்கம் அரை அங்குலம் சீவச் சொன்னேன். அதற்கு மேல் சீவினால் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு முதுகெலும்பில் தெரியும்.

இன்னும் ஒன்று. 70 கிலோ ஆளை, நாம் பார்த்த 35 டிகிரிக் கணக்கில், முன்னால் தள்ளும் விசை சுமார் 46 கிலோ எடைக்குச் சமம். பாரத்தில் கொஞ்சத்தைக் கால்கள் தாங்க, சீட்டின் மேல் 50 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், குணகம் 0.4 என்றால் சீட் பிடிப்பது 20. மீதி 26-ஐ யார் தாங்குவது? வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் மணிக்கட்டுதான். டேங்கின் இரு பக்கமும் ரப்பர் பேட் ஒட்டி, ஒவ்வொரு முட்டியாலும் 16 கிலோ அளவுக்கு அழுத்தினால், ரப்பரின் குணகம் 0.8 என்று வைத்தால்கூட அந்த 26 அநேகமாகக் கிடைத்துவிடும். சுமாரான சீட்டும் நல்ல முட்டிப் பிடியும் இருந்தாலே கை லேசாகிவிடும். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், முதலில் டேங்க் பேட் வாங்கச் சொல்வேன்.

உராய்வு எப்போதும் இரண்டு பரப்புகளின் விஷயம் என்பதால், அரிசிப் பையை மழைக்குப் போடும் பேண்ட்டிலும் சுற்றிச் சோதித்துப் பாருங்கள். வழவழப்பான நைலான் பேண்ட்டில் நல்ல துணியும் தோற்கும், வரி மட்டும்தான் உதவும். என் புதிய சீட்டில், ஜீன்ஸ் சுற்றிய பை 35 டிகிரி தாண்டியும் நின்றது. ஈரமான நைலானில் அதற்கு முன்பே நகர்ந்தது, ஆனால் ஓடவில்லை, வரிக்கு வரி தட்டித் தட்டி இறங்கியது.

சீட் மாற்றி நான்கு மாதம் ஆகிறது. முதல் மழைக்குப் பிறகு கவரின் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் இரண்டு துருப்பிடித்திருந்தது, துருப்பிடிக்காத பின்னாக மாற்றச் சொல்லியிருக்கிறேன். வாட்டர் வாஷுக்கு விடும்போது, சீட்டுக்குப் பாலிஷ் வேண்டாம் தம்பி என்று அந்தப் பையனிடம் சொல்லிவிட்டு, அவன் துடைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.