ரெப்போ, குடோன், களஞ்சியம்

“இந்த வாரம் ரெப்போ வேலை பெண்டு நிமிர்த்துதுப்பா” என்றேன் வீட்டில். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு, “வட்டியைக் குறைச்சுட்டாங்களா?” என்றார். வீட்டுக்கடன் கட்டுகிறவர் காதில் அப்படித்தான் விழும். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் ரெப்போ, ‘ரீபர்ச்சேஸ்’ என்பதன் சுருக்கம். கடன் பத்திரங்களை விற்றுப் பணம் வாங்கும்போதே, குறித்த நாளில் அவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று வங்கி ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு அது. நான் சொன்ன ரெப்போ, ‘ரெப்பாசிட்டரி’யின் சுருக்கம். முன்னால் நிற்கும் ‘ரீ’யைத் தவிர இரண்டுக்கும் ஒட்டுறவு கிடையாது.

சென்னையில் நாங்கள் சில பேர் சேர்ந்து, ஆர்ம் என்ற வகைப் பிராசசர் சில்லில் ஓடும் சர்வர்களுக்காக, மென்பொருள்களைச் சேர்த்து வைத்து விநியோகிக்கும் ஒரு ரெப்பாசிட்டரி அமைத்து வருகிறோம். அதற்கான விளக்கக் குறிப்பைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டோம். ரெப்பாசிட்டரிக்குத் தமிழில் எதைப் போடுவது? கிடங்கா, காப்பகமா, பண்டகசாலையா, களஞ்சியமா? ஒவ்வொருவரும் ஒரு சொல்லைச் சொன்னோம். விவாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது.

முதலில் மூலச் சொல். லத்தீனில் ‘போனெரே’ என்றால் வைத்தல்; ‘ரெபோனெரே’ என்றால் திரும்ப வைத்தல், எடுத்து வைத்தல். அதிலிருந்து வந்தது ‘ரெபோசிடோரியம்’. ரோமாபுரி விருந்துகளில் பல பதார்த்தங்களை ஒன்றாக அடுக்கிக் கொண்டுவரும் பெரிய தட்டுக்கு அந்தப் பெயர் இருந்தது. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பூட்டி வைப்பதற்கான தட்டு இல்லை அது, எல்லோரும் எடுத்துச் சாப்பிடுவதற்காக நடுவில் கொண்டுவந்து வைப்பது. ஆங்கிலத்துக்குப் போன பிறகு சேமித்து வைக்கும் இடம் என்ற பொருள் மேலோங்கிவிட்டது.

லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் உலகில் ரெப்பாசிட்டரி என்றால் மென்பொருள் பொதிகள் இருக்கும் இடம். ஆனால் கோப்புகளை ஒரு அடைவில் (ஃபோல்டரில்) கொட்டிவிட்டால் அது ரெப்பாசிட்டரி ஆகிவிடாது. என்னென்ன பொதி, எந்தப் பதிப்பு, எது எதைச் சார்ந்திருக்கிறது, ஒவ்வொரு கோப்பின் சரிபார்ப்புத் தொகை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) என்ன என்று சொல்லும் பட்டியல் வேண்டும். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் வழியில் அந்தப் பட்டியலுக்கு ‘பேக்கேஜஸ்’ என்று பெயர். ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் போன்ற லினக்ஸ் வகைகள் பின்பற்றும் ஆர்பிஎம் வழியில் ‘ரெப்போடேட்டா’ என்ற அடைவுக்குள் இருக்கும். அந்தப் பட்டியலை நம்பலாம் என்பதற்கு ஒரு மின்னணுக் கையொப்பம் வேண்டும். பொதி, பட்டியல், கையொப்பம் மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

‘பேக்கேஜ்’ என்பதற்குப் பொதி நல்ல சொல். கழுதை சுமந்த பொதி, கட்டுச்சோற்றுப் பொதி என்று எல்லோருக்கும் பழகியதுதான். வலைப்பின்னலில் ஓடும் ‘பாக்கெட்’டையும் சிலர் பொதி என்று எழுதுகிறார்கள். அதற்குப் பொட்டலம் போதும் என்பது என் கருத்து.

இனி ஆர்ம். அக்கார்ன் என்ற பிரிட்டிஷ் கணினி நிறுவனம் 1985-ல் உருவாக்கிய சில்லு அது. ‘அக்கார்ன் ரிஸ்க் மெஷின்’ என்ற பெயரின் முதலெழுத்துகள்தான் ஆர்ம். 1990-ல் தனி நிறுவனம் தொடங்கியபோது அக்கார்ன் போய் ‘அட்வான்ஸ்டு’ வந்தது. 2011-ல் அறிவித்த எட்டாம் தலைமுறை வடிவமைப்பில் 64 பிட் வந்து சேர்ந்தது. சர்வர்களுக்குள் ஆர்ம் நுழைந்த வாசல் அதுதான். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் உண்டு. டெபியன்காரர்கள் ‘ஆர்ம்64’ என்பார்கள்; ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் வழியில் வந்தவர்கள் ‘ஏஆர்ச்64’ என்பார்கள். இரண்டும் ஒன்றேதான். புதிதாக வருகிறவர்கள் இரண்டு வேறு சில்லுகள் என்று நினைத்துத் தவறான கோப்பை இறக்கிக்கொண்டு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, ஆர்முக்குத் தனியாக ஏன் ஒரு ரெப்பாசிட்டரி? இதை விளக்க எனக்கு நெல்லும் அரிசியும்தான் கைகொடுக்கின்றன. நிரலாளர் எழுதும் மூலநிரல் நெல். அதைச் சில்லு ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றும் கம்பைல் வேலை அரைவை. ஒரே நெல்லைப் பச்சரிசியாகவும் எடுக்கலாம், அவித்துப் புழுங்கலாகவும் எடுக்கலாம். இன்டெல் வகைச் சில்லுக்காக அரைத்ததை ஆர்மில் போட்டால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். எழுத்துருக்கள் மாதிரியான பொதிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. லோகித் தமிழ் எழுத்துரு எந்தச் சில்லிலும் அதே கோப்புதான். மற்றவற்றை அந்தந்தச் சில்லுக்கு அரைத்துத்தான் ஆக வேண்டும். டெபியன் 2015-ல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து ஆர்ம்64-ஐ அதிகாரபூர்வமாக ஆதரிக்கிறது. ஆனால் அதற்கு வெளியே தனித்தனியாக விநியோகிக்கப்படும் மென்பொருள்கள் பலவற்றுக்கு இன்டெல் வகைப் பொதி மட்டுமே கிடைக்கும். சென்ட்ஓஎஸ் 7-க்கு 32 பிட் ஆர்ம் பதிப்பு இருந்தது, ஆனால் எபெல் என்ற கூடுதல் பொதித் தொகுப்பு அதற்குக் கட்டப்படவில்லை (கம்பைல் செய்து பொதியாக்குவதைத்தான் கட்டுவது என்கிறோம்). ஆர்வலர்கள் மூலப்பொதிகளை எடுத்துத் தாங்களே மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

அப்படிக் கட்டுவது ஒரே மூச்சில் முடிகிற வேலை கிடையாது. ஒரு பொதியைக் கட்ட இன்னொன்று வேண்டும், அதைக் கட்ட முதலாவதே வேண்டும் என்று சிக்கிக்கொள்ளும். ஒரு சுற்று ஓட்டி, கட்ட முடிந்ததை எல்லாம் சேர்த்துக்கொண்டு, அதை வைத்து அடுத்த சுற்று ஓட்ட வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் தேடி வாங்கிய நான்கு ஆர்ம் போர்டுகளை வடபழனியில் ஒரு சின்ன அறையில் வைத்து ஓட்டினோம். அக்னி நட்சத்திர நாட்களில் சூடு தாங்காமல் அவை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறியை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டு நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ஒருநாள் இரவு ஒரு பொதி நன்றாகக் கம்பைல் ஆகி, சோதனைக் கட்டத்தில் விடிய விடிய சுற்றிக்கொண்டே இருந்தது. காரணம் தெரிந்தபோது வியப்பாக இருந்தது. சி மொழியில் ‘சார்’ என்ற எழுத்து வகை, இன்டெல் லினக்ஸில் எதிர்மறை எண்களையும் ஏற்கும். ஆர்ம் லினக்ஸில் ஏற்காது. கோப்பு முடிந்ததற்கு அடையாளமான ‘மைனஸ் ஒன்று’ வரும்வரை படி என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஆர்மில் அந்த மைனஸ் ஒன்று 255 ஆகிவிடும், எனவே நிரலுக்கு முடிவே வராது. கம்பைலர் ஒரு பிழையும் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பொதி அப்படியே உள்ளே போயிருக்கும். ரெப்பாசிட்டரி என்ற சொல்லின் சரியான பொருள் எனக்கு அந்த விடியற்காலையில்தான் பிடிபட்டது. உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

இந்த உறுதி எந்தத் தமிழ்ச் சொல்லில் இருக்கிறது?

கிடங்கு பழைய சொல். சங்கப் பாடல்களில் அகழியையும் குறிக்கிறது. அது தெலுங்கு, மலாய் வழியாகப் போய் ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ ஆனது என்பது பலர் ஏற்கும் விளக்கம். மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் நாம் குடோன் என்று பலகை எழுதுவது, நம்மிடமிருந்து போனதே உருமாறித் திரும்பி வந்த கதை. ஆனால் குடோனில் எதுவும் கிடக்கலாம். விற்காத சரக்கும் கிடக்கும்.

காப்பகம் ‘ஆர்க்கைவ்’ என்பதற்குச் சரி. எழும்பூரில் இருக்கும் ஆவணக் காப்பகத்தின் வேலை, எதையும் தொலையவிடாமல் வைத்திருப்பது. அதே எழும்பூரில் 1896 முதல் இயங்கும் கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி வர வேண்டும் என்று 1954-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வந்ததை எல்லாம் வைத்துக்கொள்வது அதன் கடமை. ரெப்பாசிட்டரி அப்படி இயங்காது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பதிப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

களஞ்சியம் என்றதும் தஞ்சை மண்டலத்தை நெற்களஞ்சியம் என்று பள்ளியில் படித்தது நினைவுக்கு வரும். ஸ்ரீரங்கம் கோயிலிலும் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையிலும் பழைய நெற்களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. அங்கே போய்ச் சேர்வது அறுத்த கதிர் இல்லை. அடித்து, தூற்றி, பதர் போக்கி, காயவைத்து, அளந்த நெல். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதற்குக் கலைக்களஞ்சியம் என்று பெயர் வைத்தார்கள். துறை அறிந்தவர்கள் எழுதி, சரிபார்த்த பிறகே ஒரு கட்டுரை அதற்குள் போனது. இங்கும் அதே பொருள்தான்.

எங்கள் குழுவில் மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அன்று அவன் சொன்னதுதான் விவாதத்தை முடித்து வைத்தது: “அண்ணே, களத்துல நெல்லுப் பொலிக்கு மேல சாணிப்பால்ல குறி வைப்பாங்க. ராத்திரி யாராச்சும் ஒரு கை அள்ளினாலும் குறி கலைஞ்சிரும். உங்க கையெழுத்தும் அதானே?” அதேதான். பொதியில் ஒரு பைட் மாறினாலும் அதன் சரிபார்ப்புத் தொகை பட்டியலோடு பொருந்தாது. பட்டியலை மாற்றினால், பட்டியலின் சரிபார்ப்புத் தொகையைச் சொல்லும் ‘ரிலீஸ்’ கோப்போடு பொருந்தாது. அதையும் மாற்றினால் கையொப்பம் கலைந்துவிடும். டெபியனில் பொதிகளை நிறுவும் ‘ஆப்ட்’ நிரல் நிறுவ மறுத்துவிடும்.

இதனால் இன்னொரு சொல்லையும் மாற்றினோம். கையொப்பத்துக்கான ‘கீ’யைச் சாவி என்று எழுதி வந்தோம். சாவி என்றால் திறப்பது. இங்கே எதையும் யாரும் திறப்பதில்லை. எங்களிடம் மட்டும் இருப்பது முத்திரை. பயனருக்கு நாங்கள் கொடுப்பது அந்த முத்திரையின் அச்சு, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள. அப்படி எழுதிய பிறகு, புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு ரகசியக் கோப்பை எங்கே இறக்குவது என்று கேட்பது நின்றுவிட்டது.

அப்புறம் ‘கம்யூனிட்டி ரெப்பாசிட்டரி’யில் வரும் ‘கம்யூனிட்டி’. சமூகக் களஞ்சியம் என்றால் ஏதோ நலத்திட்டம் போல் கேட்கிறது. பொதுக் களஞ்சியம் என்றால் யாருடையது என்று தெரியவில்லை. பண்டகசாலை வேண்டும் என்று வாதாடிய அக்கா திருவல்லிக்கேணிக்காரர். 1904-ல் அங்கே தொடங்கிய நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் கடையில்தான் அவர்கள் வீட்டுக்குத் தலைமுறைகளாக மளிகை. “வாங்குறவங்களே சேர்ந்து நடத்துற கடை அது. நாமளும் அதைத்தானே பண்றோம்?” என்று கேட்டார். பண்டகசாலை நிற்கவில்லை, அவர் கொண்டுவந்த கூட்டுறவு நின்றுவிட்டது. ‘ஆர்ம் சேவையகங்களுக்கான கூட்டுறவுப் பொதிக் களஞ்சியம்’ என்று முதல் வரியை எழுதினோம். பேசும்போது ரெப்போ என்றே சொல்லிக்கொள்கிறோம், அதில் தவறில்லை. பிரதி எடுத்து வைக்கும் ‘மிரர்’ சர்வருக்கு அக்கா ‘கிளைக் களஞ்சியம்’ என்கிறார், தம்பி ‘படிக் களஞ்சியம்’ என்கிறான். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும்.